டயாலிசிஸ் நீரும் மூளையும்

அரியலூர் வட்டாரத்துச் சுண்ணாம்புப் பாறைகள், பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்ததற்குச் சான்று. அப்பாறைகளினூடே ஊறிவரும் கிணற்று நீரில் கால்சியம் மிகுதி. பருப்பு எளிதில் வேகாது, சோப்பு நுரைக்காது, காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு ஏறும். ஆயினும் குடிப்பவருக்குப் பெருந்தீங்கு இல்லை. குடலும் சிறுநீரகமும் காவல் நின்று, வேண்டியதை ஏற்று மிகுதியைத் தள்ளிவிடுகின்றன.

சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு இந்தக் காவல் கிடையாது. அவருடைய குருதி ஒரு மெல்லிய சவ்வின் ஒரு பக்கத்தில் ஓட, மறுபக்கத்தில் உப்புகள் அளவோடு கலந்த நீர் ஓடுகிறது. நிமிடத்துக்கு 500 மில்லி லிட்டர் என்று வைத்துக்கொண்டால் நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர்; வாரம் மூன்று முறைக்கு 360 லிட்டர். நாம் ஒரு வாரத்தில் குடிக்கும் நீர் இதில் இருபதில் ஒரு பங்குகூடத் தேறுமா என்பது ஐயம். சவ்வுக்கு நல்லது கெட்டது தெரியாது. செறிவு மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குச் சிறு மூலக்கூறுகள் பரவும், அவ்வளவே. கழிவு குருதியிலிருந்து நீருக்குப் போவது போலவே, நீரிலுள்ள நஞ்சு குருதிக்கு வரவும் வழி திறந்திருக்கிறது.

இந்தப் பரவலுக்கு 'டயாலிசிஸ்' எனப் பெயரிட்டவர் தாமஸ் கிரகாம் என்ற வேதியியலார், ஆண்டு 1861. அதை மனிதருக்குப் பயன்படும் எந்திரமாக்கியவர் வில்லெம் கோல்ஃப் என்ற டச்சு மருத்துவர். ஜெர்மானியரின் பிடியில் நெதர்லாந்து இருந்த 1943-இல், காம்பென் என்னும் சிற்றூரில், செல்லோஃபேன் குழாயை ஓர் உருளையில் சுற்றி அவர் அதை அமைத்தார். முதலில் சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ எல்லோரும் இறந்துபோயினர். 1945 செப்டம்பரில் 67 வயதுப் பெண்மணி ஒருவர் நினைவிழந்த நிலையில் கொண்டுவரப்பட்டார். எந்திரம் பல மணி நேரம் ஓடியபின் அவர் கண் விழித்துப் பேசினார். டயாலிசிஸின் முதல் வெற்றியே மங்கிய மூளை ஒன்று தெளிந்ததுதான் என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

1960-இல் சியாட்டில் நகரின் பெல்டிங் ஸ்கிரிப்னர், கையில் நிலையாகப் பொருத்தி வைக்கும் டெஃப்லான் குழாயை உருவாக்கினார். அதன் பிறகே வாரந்தோறும் ஆண்டுக்கணக்கில் டயாலிசிஸ் செய்வது இயலுவதாயிற்று. நம் நாட்டில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி 1960-களின் தொடக்கத்தில் இச்சிகிச்சையில் இறங்கியது.

தொல்லைகளும் உடன் வந்தன. யூரியாவை மிக விரைவாகக் குருதியிலிருந்து நீக்கினால் மூளையிலுள்ள யூரியா அதே வேகத்தில் வெளியேறுவதில்லை. அப்போது சவ்வூடு பரவல் விதிப்படி நீர் மூளைக்குள் புகுந்து அதை வீங்கச் செய்கிறது; தலைவலி, குழப்பம், சில வேளை வலிப்பு. பாடநூலில் உப்புக் கரைசலில் உருளைக்கிழங்கை இட்டுக் காட்டும் அதே விதிதான். மெதுவாகவும் குறுகிய நேரமும் தொடங்கினால் இதைத் தவிர்க்கலாம் என்று கண்டார்கள்.

அடுத்த எச்சரிக்கையைக் கடின நீர் கொடுத்தது. நீரை மென்மையாக்கும் கருவி பழுதுபட்டதால் நோயாளிகளுக்குக் குமட்டல், வாந்தி, தலைவலி, குருதியழுத்தம் எல்லாம் ஏறியதை 1967-இல் அமெரிக்க மருத்துவர்கள் விவரித்தனர். கருவியைச் செப்பனிட்டதும் தொல்லை நீங்கிற்று. அரியலூர்க் கிணற்று நீரை அப்படியே டயாலிசிஸ் எந்திரத்தில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு விடை தேட வேண்டியதில்லை.

ஆனால் டென்வர் நகரில் ஆல்ஃப்ரே என்பவரும் அவர் குழுவினரும் 1972-இல் எழுதிய நோய் இவ்வளவு எளிதில் நீங்குவதாயில்லை. ஆண்டுக்கணக்கில் டயாலிசிஸில் இருந்தவர்களுக்கு முதலில் பேச்சு திக்கியது. கை கால்கள் வெட்டி இழுத்தன, நினைவு கெட்டது, வலிப்பு வந்தது, சில மாதங்களில் இறந்தனர். சிறுநீரக நோய் முற்றினால் இப்படித்தான் என்று விட்டுவிடாமல், இறந்தவர்களின் மூளையை அவர்கள் பகுத்தாய்ந்தனர். 1976-இல் வெளியான அளவுகள் இவை: உலர்ந்த சாம்பல் நிறப் பொருளில் கிலோவுக்கு, சாதாரண மனிதரிடம் 2.2 மில்லி கிராம் அலுமினியம். இந்நோயின்றி இறந்த டயாலிசிஸ் நோயாளிகளிடம் 6.5, இந்நோயால் இறந்தவர்களிடம் 25.

அலுமினியம் எப்படி வந்தது? பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தக் கொடுத்த அலுமினியம் ஹைடிராக்சைடு மாத்திரையின் மேல் முதலில் ஐயம் விழுந்தது. மாத்திரையோ எல்லா ஊர்களிலும் கொடுக்கப்பட்டது. நோய் மட்டும் சில ஊர்களில் குவிந்தது. இங்கிலாந்தின் நியூகாசில் அவற்றுள் ஒன்று. 1970-களின் இறுதியில் அந்நாட்டின் 18 மையங்களை ஒப்பிட்டபோது ஊர்த் தண்ணீரே முதற் குற்றவாளி என்று தெளிவாயிற்று. கலங்கல் நீரைத் தெளிய வைக்க நம் வீடுகளில் படிகாரம் போடுவது போல, நீரேற்று நிலையங்களிலும் அலுமினியம் சல்பேட்டுப் போடுகிறார்கள். குடிப்பவருக்குக் கேடில்லாத அந்தச் சிறு மீதம், வாரம் 360 லிட்டர் கணக்கில் குருதியைத் தொட்டபோது மூளையில் சேர்ந்துவிட்டது.

தீர்வு எதிர்ச் சவ்வூடு பரவலில் கிடைத்தது. நாம் 'ஆர்.ஓ.' என்று சுருக்கிச் சொல்வது இதைத்தான். அதற்கு உகந்த சவ்வை 1960-ஐ ஒட்டிக் கலிஃபோர்னியாவில் உருவாக்கிய இருவரில் ஒருவர், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன். இன்று டயாலிசிஸ் நீரில் அலுமினியம் லிட்டருக்கு 0.01 மில்லி கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. குடிநீருக்கோ இந்தியத் தரநிலை 0.03 வரை ஏற்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 0.2 வரையும் அனுமதிக்கிறது. நல்ல குடிநீர் நல்ல டயாலிசிஸ் நீராகாது என்பதற்கு இந்த எண்களே போதும்.

சிமெண்டு ஆலைகள் நிறைந்த மாவட்டத்தில் இன்னொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். கரீபியக் கடலிலுள்ள குராசாவ் தீவில், கடல் நீரைக் காய்ச்சி எடுத்த வாலை வடிநீரே டயாலிசிஸ் மையத்துக்கு வந்தது. 1996-இல் அதற்குப் புதுக் குழாய் போட்டார்கள்; அரிக்காமலிருக்க உட்புறம் சிமெண்டுச் சாந்து பூசப்பட்டிருந்தது. உப்பற்ற நீர் எதையும் கரைக்கத் துடிக்கும். சாந்திலிருந்த கால்சியத்தையும் அலுமினியத்தையும் அது அரித்துக்கொண்டு வந்தது. பத்து நோயாளிகள் இறந்தனர். காரணம் அறியப்பட்டு இருபது ஆண்டுகள் கழிந்த பிறகு நேர்ந்தது இது.

அலுமினியக் கேடு இன்று அரிது. ஆயினும் மூளைத் தளர்ச்சி நீங்கிவிடவில்லை. அமெரிக்காவின் மினியாபொலிஸ் பகுதியில் 55 வயது கடந்த 338 டயாலிசிஸ் நோயாளிகளைச் சோதித்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், நினைவும் சிந்தனையும் இயல்பாக இருந்தவர்கள் 12.7 விழுக்காட்டினரே, கடுமையாகக் குன்றியிருந்தவர்கள் 37.3 விழுக்காட்டினர். இதைவிட என்னை உறுத்துவது மற்றோர் எண்: மருத்துவக் குறிப்பில் இக்குறை முன்பே பதிவாகியிருந்தது 2.9 விழுக்காட்டினருக்குத்தான். "வயசாயிடுச்சு, மறதி வருது" என்று நம் வீடுகளில் சொல்லி விடுவது போல அங்கும் விட்டுவிட்டார்கள் போலும்.

இதில் நீரிழிவுக்குப் பெரும் பங்கு உண்டு. 1960-களில் எந்திரங்கள் சிலவே இருந்தன. நீரிழிவுக்காரர்கள் பிழைப்பது அரிதென்று பெரும்பாலும் ஒதுக்கப்பட்டனர். இன்றோ சிறுநீரகம் செயலிழப்பதற்கு நீரிழிவே முன்னிற்கும் காரணம். அதே நோய் மூளையின் நுண்ணிய குருதிக் குழாய்களையும் கெடுக்கிறது. மேலும், உடலில் இன்சுலினைச் சிதைத்து அகற்றும் வேலையில் சிறுநீரகத்துக்கும் பங்குண்டு. அது ஓய்ந்துவிட்டால் பழைய அளவு இன்சுலினே நெடுநேரம் தங்கிச் சர்க்கரையைத் தாழ்த்திவிடும். குளுக்கோசையே பெரிதும் நம்பியிருக்கும் மூளை அப்போது தடுமாறுகிறது. மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி சோதனையும் இவர்களிடம் முழு நம்பிக்கைக்கு உரியதன்று. சிவப்பணுக்களின் ஆயுள் குறைவதால், உண்மையைவிடக் குறைந்த எண்ணைக் காட்டக்கூடும். எனவே இன்சுலின் அளவை மருத்துவரிடம் அடிக்கடி கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். தாமாக நிறுத்துவதும் ஆபத்தே.

இன்னொரு காரணம் குருதியழுத்தம். நான்கு மணி நேரத்தில் சில லிட்டர் நீரை இழுத்தெடுக்கையில் அழுத்தம் சரிந்து மூளைக்குச் செல்லும் குருதி குறைகிறது. நீரிழிவால் விறைத்த குழாய்கள் அதை ஈடுசெய்ய இயலாமல் திணறும். இரு சிகிச்சைகளுக்கிடையே குடிக்கும் நீரைக் கட்டுப்படுத்தச் சொல்வது மூளையையும் கருதித்தான்.

டயாலிசிஸ் நீரைச் சற்றுக் குளிர்வித்தால் குருதிக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் காக்கப்படும். பிரிட்டனில் 73 பேரைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவு 2015-இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு நீரின் வெப்பம் 37 டிகிரி செல்சியஸ். மறு பிரிவினருக்கு அவரவர் உடல் வெப்பத்தைவிட அரை டிகிரி குறைவு. ஓராண்டுக்குப் பின் படமெடுத்துப் பார்த்ததில், குளிர்ந்த நீர் பெற்றவர்களின் மூளை வெண்பொருள் சிதையாமல் இருந்தது. பின்னர் கனடாவின் ஒண்டாரியோவில் 84 மையங்களில் 15,000-க்கும் மேற்பட்டோரிடம் செய்த பெருஞ்சோதனை, 2022-இல், குளிர்ந்த நீரால் மாரடைப்பு முதலிய இதயக் கேடுகள் குறையவில்லை என்றது; பலருக்குக் குளிர் வேறு பொறுக்கவில்லையாம். அச்சோதனை அளந்தது இதயத்தை. மூளையை அதே அளவில் இன்னும் அளந்து பார்க்கவேண்டியிருக்கிறது.