கணப்பறையிற் பிறந்த பாலர் பாடசாலை

மழலை மாறாத பிள்ளைகளை ஒருங்கு சேர்த்து, விளையாட்டும் பாட்டும் கதையும் கைவேலையுமாக அவர்களைப் பேணி வளர்க்கும் பாலர் பாடசாலை இன்று உலகின் பல தேசங்களிலும் உண்டு. அதன் வரலாற்றைக் கூறப் புகுவோர் பெரும்பாலும் செர்மனி தேசத்துப் பிரோபல் என்னும் அறிஞரிடமிருந்தே தொடங்குவர். 'குழந்தைகள் பூங்கா' எனப் பொருள்படும் 'கிண்டர்கார்டன்' என்ற பெயரை அவர் 1840ஆம் ஆண்டிற் சூட்டினார். ஆயின், அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே, பிரான்சு தேசத்தின் கிழக்கெல்லையிலுள்ள வறிய மலைக்கிராமங்கள் சிலவற்றில், ஒரு சிறு திருச்சபையின் அரவணைப்பிலே இத்தகைய பாடசாலைகள் நடைபெற்றன. அவற்றைத் தாபித்தவர் ஒரு போதகர் என்று வரலாறு கூறும். அது உண்மையே, ஆனால் முழு உண்மையன்று.

அல்சாஸ் மாகாணத்தில், வோஜ் மலைச்சாரலிலே, 'பான் தெ லா ரோஷ்' என்னும் பிரதேசம் உளது. செர்மன் மொழி பேசுவோர் அதனைக் 'கற்பள்ளத்தாக்கு' எனப் பொருள்படும் பெயரால் வழங்கினர். பெயருக்கேற்பவே மண் மெலிந்தது, மாரிக்காலமோ நெடியது. பதினேழாம் நூற்றாண்டிலே முப்பதாண்டுப் போரினாற் பாழடைந்த அப்பிரதேசம், அதன் பின்னரும் வறுமையினின்று மீளவில்லை. அங்குள்ள குடியானவர் பேசிய மொழி, பிரான்சிய நூல்களை வாசித்து விளங்குதற்குப் போதாத ஒரு வட்டாரக் கிளைமொழியாகும். 1767ஆம் ஆண்டிலே, ஸ்ட்ராஸ்பேர்க் நகரிற் பிறந்து கல்விகற்ற யோன் பிரெடெரிக் ஓபர்லின் என்பவர், தமது இருபத்தாறாவது வயதில், வால்டர்ஸ்பாக் கிராமத்துத் திருச்சபையின் போதகராக அங்கு வந்து சேர்ந்தார்.

அவருக்கு முன் அங்கே பணியாற்றிய ஸ்டூபர் என்னும் போதகர், வளர்ந்த பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் முயற்சியை ஏலவே தொடங்கியிருந்தார். ஓபர்லின் அதனை விரிவாக்கினார். ஆனால் பாடசாலைக்குச் செல்லும் வயதை எய்தாத சிறுவர் நிலை யாது? தாயும் தந்தையும் வயலுக்குச் சென்றால், அவர்கள் கேட்பாரின்றித் தெருவிலே திரிந்தனர். நல்ல பழக்கமோ நல்ல மொழியோ பயிலவேண்டிய பருவம் அவ்வாறு வீணே கழிந்தது. ஆறு ஏழு வயதிலே அவர்கள் பாடசாலைக்கு வந்தபோது, ஆசிரியருடைய உழைப்பிற் பெரும்பகுதி பழைய பழக்கத்தை மாற்றுவதிலேயே செலவாயிற்று.

இதற்குப் பரிகாரம் போதகரின் நூலகத்திலிருந்து வரவில்லை. பெல்மோன் என்னும் கிராமத்து வீடொன்றிலிருந்து வந்தது. சாரா பான்சே என்னும் இளம்பெண், யாரும் ஏவாமலே, அயலிலுள்ள சிறுபிள்ளைகளைத் தன் வீட்டிற் கூட்டி, அவர்களுக்குக் கம்பளிநூற் பின்னல் கற்பித்துவந்தாள். அவளுடைய தந்தைக்கோ இது பிடிக்கவில்லை. ஊதியமில்லாத வேலையில் மகளின் பொழுது போவதை எந்த ஏழைக் குடியானவன் விரும்புவான்? செய்தியறிந்த ஓபர்லின், அப்பெண்ணைப் புகழ்ந்துரைத்துவிட்டு வாளாவிருந்தாரல்லர். 1769ஆம் ஆண்டிலே அவளுக்குச் சம்பளம் பேசி, உடன்படிக்கை செய்து, அந்தப் பணியிலேயே அவளை அமர்த்தினார். பாலரைப் பேணுதல் பொழுதுபோக்கன்று, ஊதியத்துக்குரிய உத்தியோகம் என்பதை அந்த உடன்படிக்கை ஊரறிய உணர்த்தியது.

பின்னர் ஏனைய கிராமங்களிலும் இத்தகைய இடங்கள் ஏற்பட்டன. இவற்றுக்கு வழங்கிய பிரான்சியப் பெயர் 'பின்னற் கணப்பறை' எனப் பொருள்படும். கணப்படுப்பினாற் சூடேற்றப்பட்ட ஓர் அறை இருந்தாற் போதும். மாரியிலும் பிள்ளைகள் அங்கே கூடலாம். தனிக்கட்டடம் எழும்வரை எவரும் காத்திருக்கவில்லை. பொறுப்பேற்ற பெண்கள் 'இளம்பருவத்தினரை வழிநடத்துவோர்' என்னும் மதிப்பான பெயரால் அழைக்கப்பெற்றனர். ஓபர்லினின் மனைவியார் அவர்களைப் பயிற்றுவதிலே துணைநின்றார்.

ஒழுங்குமுறையும் எளிமையானதே. வழிநடத்தும் பெண்களுள் ஒருத்தி கைவேலையைக் கவனிப்பாள். மற்றொருத்தி கதையும் பாடமும் விளையாட்டும் நடத்துவாள். மிகச் சிறியோர் விளையாடுவர். ஐந்து ஆறு வயதினர் பின்னவும் நூற்கவும் தைக்கவும் கற்பர். கை வேலைசெய்யும்போது செவியும் கண்ணும் வாளா இருப்பதில்லை. வேதாகம வரலாற்றுப் படங்களும், விலங்கு, மரஞ்செடி ஆகியவற்றின் வண்ணப் படங்களும் காட்டப்படும். தேசப்படத்திலே தம் கிராமம் எங்குள்ளதென்று பிள்ளைகள் அறிவர். காட்சியொவ்வொன்றுக்கும் கிளைமொழிப் பெயரோடு பிரான்சியப் பெயரும் பழகும். வேனிலிலே வெளியே உலாவச் சென்று, செடிகொடிகளை இனங்கண்டு திரும்புவர். இன்றைய பாலர் ஆசிரியர் ஒருவர் அவ்வறைக்குள் நுழைவாராயின், தமக்குப் பழக்கமான பலவற்றை அங்கே காண்பார்.

சாரா நெடுங்காலம் வாழவில்லை. 1774ஆம் ஆண்டில், முப்பது வயதை எட்டுமுன்னரே இறந்தாள். ஆனால் பணி நின்றுபோகவில்லை. பெல்போஸ் கிராமத்திலே 1763ஆம் ஆண்டிற் பிறந்த லூயிஸ் செப்லர் என்பவர், பதினைந்து பதினாறு வயதளவில் ஓபர்லின் வீட்டிற் பணிப்பெண்ணாகச் சேர்ந்து, பாலரை வழிநடத்தும் பொறுப்பையும் ஏற்றார். மழையென்றும் பனியென்றும் பாராது கிராமந்தோறும் நடந்தார். 1783ஆம் ஆண்டில் ஓபர்லினின் மனைவியார் காலமானபின், தாயற்ற ஏழு பிள்ளைகளையும் அவரே வளர்த்தார். தமக்குச் சம்பளம் வேண்டாம், வீட்டின் மகளாக மதித்தாற் போதும் என்று போதகருக்குக் கடிதம் எழுதினார். ஒருத்திக்கு ஊதியம் கொடுத்ததனாலே தொடங்கிய பணி, மற்றொருத்தி ஊதியத்தைத் துறந்ததனாலே நிலைபெற்றது.

1826ஆம் ஆண்டிலே ஓபர்லின் காலமானார். அவருடல் பூடே கிராமத்துத் தேவாலய வளவில் அடக்கஞ்செய்யப்பட்டது. அவருடைய பிள்ளைகள் தந்தையின் சொத்திலே லூயிசுக்கும் சமபங்கு கொடுக்க முன்வந்தனர். அவர் அதனை ஏற்கவில்லை. தம் பெயரோடு ஓபர்லின் என்ற பெயரைச் சேர்த்துக்கொள்ளும் உரிமையை மட்டுமே வேண்டினார். 1829ஆம் ஆண்டில் பிரான்சியக் கழகம் நற்பண்புக்குரிய மொந்தியோன் பரிசாக 5,000 பிராங்கை அவருக்கு வழங்கியது. 1837ஆம் ஆண்டில் அவரும் மறைந்தார்.

இதற்கிடையில் உலகம் பாலர் கல்வியை நாடத் தொடங்கிவிட்டது. 1816ஆம் ஆண்டிலே ஸ்கொத்லாந்தின் நியூ லானாக் ஆலைக்கிராமத்தில் ரொபேட் ஓவன் பாலர் பாடசாலை அமைத்தார். பாரிஸ் நகரிலும் 1826ஆம் ஆண்டளவிலே பாலர் காப்பிடங்கள் தோன்றின. மலைக்கிராமத்துப் பணிப்பெண்ணுக்குக் கழகத்தின் பரிசு கிடைத்ததும் இந்தக் காலத்திலேதான்.

புகழ் மாளிகையிலே ஓபர்லினுக்கு இடமுண்டு. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலே 1833ஆம் ஆண்டில் எழுந்த கல்லூரி ஒன்று அவர் பெயரைத் தாங்குகிறது. லூயிசுக்கும் பரிசு கிடைத்தது. பாலர் பாடசாலையை முதன்முதற் கண்டவர் அவரே என்று எழுதிவைத்தோரும் உளர். முதலிற் பிள்ளைகளைக் கூட்டிய சாராவோ பரிசு வழங்கப்பட்ட நாளிலே மண்ணோடு மண்ணாகி ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன.

எனினும் இம்மூவருள் ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்துதல் முறையன்று. பெண்ணொருத்தி தேவையைக் கண்டாள். போதகர் அவளைக் கண்டார். பின்வந்தவள் அதனைக் கைவிடாது காத்தாள். பாலர் பாடசாலையொன்றை நிறுவ விழையும் எந்தத் திருச்சபையும், எந்த ஊரும், கட்டட நிதி திரட்டுமுன் அயலிலே பார்த்தல் நன்று. பிள்ளைகள் தாமாகவே சென்று சூழும் ஒருத்தி அங்கே ஏலவே இருக்கக்கூடும். அவளுக்கு ஓர் அறையும், ஓர் உதவியாளரும், தக்க சம்பளமும் கொடுப்பதே அமைப்பாளர் செய்யவேண்டிய முதற்பணி.