தும்பறையின் வெடியுப்பு

பல்லேகல என்றதும் இன்று பலர்க்கும் நினைவில் எழுவது 2009ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட துடுப்பாட்ட அரங்கேயாகும். அவ்வூரைக் கடந்து கிழக்கே செல்லும் பாதை தெல்தெனிய ஊடாக மெதமகாநுவரவை நோக்கி ஏறுகின்றது. கண்டியின் இறுதி மன்னன் சிறீ விக்கிரம ராஜசிங்கன் 1815 பெப்ரவரி 18ஆம் நாள் சிறைப்பட்டது அம்மருங்கிலேயே. பழைய தெல்தெனிய நகரம் 1980களில் விக்ரோறியா நீர்த்தேக்கத்துள் அமிழ்ந்துவிட்டது. இப்பகுதிகள் யாவும் தும்பறை எனும் பழைய பிரிவைச் சேர்ந்தவை. அத்தும்பறையிலேயே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் மறுபுறத்தில், மீமுரே என்னும் சிற்றூரை அடுத்து ஒரு குகை உண்டு. கண்டி மன்னரின் துவக்குகளுக்கு வேண்டிய வெடியுப்பைத் தந்த குகைகளுள் அதுவும் ஒன்று. கண்டியின் வீழ்ச்சியை ஆராய்வோர் பிரதானிகளின் பூசலையும் ஆங்கிலேயரின் சூழ்ச்சியையும் விரிவாகப் பேசுவர். அவ்வரசின் துவக்குக்குள் இடப்பட்ட பொருள்கள் எங்கிருந்து வந்தன என்ற வினாவும் அவற்றோடு சேர்த்து எழுப்பத்தக்கதாகும்.

துவக்கைப் பொறுத்தவரை கண்டி பிறரை அண்டி நிற்கவில்லை. மலைநாட்டில் இரும்பை உருக்கும் கலை தொன்மையானது. அது முற்றாக அழியுமுன் ஆனந்த குமாரசுவாமி அதனை நேரிற் கண்டு, 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலிற் பதிவு செய்தார். போர்த்துக்கேயரிடம் துவக்கைக் கண்ட சிங்களக் கொல்லர் விரைவிலேயே அதனைத் தாமே செய்யக் கற்றனர். விசைப்பொறி இடப்பக்கத்தில் அமைந்த அவர்தம் துவக்குகள் இன்றும் அரும்பொருட்சாலைகளிற் காணப்படுகின்றன. ஆயின் துவக்கு ஒரு குழலேயன்றி வேறன்று. மருந்தும் குண்டும் இல்லையேல் அது வெறும் இரும்பு. மருந்துக்கு வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும், குண்டுக்கு ஈயமும் வேண்டும். கரி காட்டிற் கிடைத்தது. ஏனையவை பற்றியே ஆராய வேண்டியுள்ளது.

வெடியுப்பைப் பற்றி நமக்குக் கிடைக்கும் சிறந்த சான்று ஜோன் டேவி என்னும் படை மருத்துவருடையது. (1803இல் கண்டியிற் சரணடைந்த மேஜர் டேவி வேறு, பெயரொற்றுமையால் மாணவர் மயங்குவதுண்டு.) புகழ்பெற்ற இரசாயன அறிஞர் ஹம்பிறி டேவியின் தம்பியாகிய இவர், 1816 முதல் 1820 வரை இலங்கையிற் பணியாற்றி, 1821இல் இலண்டனில் நூலொன்றை வெளியிட்டார். மீமுரேக் குகைக்கு அவர் நேரிற் சென்றார். உப்பு ஊறிய பாறையின் மேற்பரப்பைத் தொழிலாளர் சிறு கோடரிகளாற் செதுக்கிப் பொடியாக்கினர். அதனுடன் வௌவால் எச்சம் கலந்த மண்ணையும் மரச் சாம்பலையும் சேர்த்தனர். நீர்விட்டு வடித்து, வடிநீரைக் காய்ச்சி உப்பைப் படியச் செய்தனர்.

இங்கு சாம்பலின் பணி கவனித்தற்குரியது. இத்தகைய குகை மண்ணில் உண்டாகும் நைத்திரேற்றிற் பெரும் பங்கு கல்சியத்தோடு சேர்ந்தே இருக்கும். அவ்வுப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கசியும், மருந்துக்கு உதவாது. சாம்பலிலுள்ள பொற்றாசியம் கல்சியத்தின் இடத்தைக் கொண்டபின்னரே உலர்ந்த வெடியுப்புக் கிடைக்கும். பொற்றாசியம் என்ற சொல்லையே கேட்டிராத மலைவாசிகள் ஒரு கூறுக்கு மற்றொன்றை மாற்றும் இந்நுட்பத்தைப் பழக்கத்தால் அறிந்து வைத்திருந்தனர். வங்காளத்து வெடியுப்பு உலகச் சந்தையை ஆண்ட காலத்தில், கண்டி தன் தேவையைத் தன் குகைகளாலேயே நிறைவு செய்ய முயன்றது.

இவ்வாறு பெற்ற உப்பைக் கந்தகத்தோடும் கரியோடும் சேர்த்து, மெல்லிய சுண்ணாம்பு நீரும் காட்டுக் கிழங்கொன்றின் காறற் சாறும் விட்டு, தட்டைக் கற்களுக்கிடையில் அரைத்தோ நெல்லுரலில் இடித்தோ வெயிலிற் காயவைத்தனர். அதனை மணிகளாக்கும் முயற்சி நடைபெறவில்லை என்று டேவி குறிக்கிறார். ஐரோப்பியர் மருந்தை மணிகளாக்கியமைக்குக் காரணம் உண்டு. மணிகளுக்கிடையே தீ விரைந்து பரவும். மாவாக உள்ள மருந்து இறுகிப்போய் மெதுவாகவும் ஒழுங்கின்றியும் எரியும். மழைக்காலத்தில் ஈரத்தையும் எளிதில் ஏற்கும். எனவே கண்டியரின் மருந்து வலுவிற் குறைந்ததாகவே இருந்திருக்கும். ஆயினும் மலைநாட்டுப் போர் திறந்த வெளியில் அணிவகுத்து நின்று சுடும் போரன்று. ஒடுங்கிய கணவாயில், புதர் மறைவிலிருந்து, அண்மையிற் சுடுவதற்கு அம்மருந்து போதுமானது. 1804இல் மட்டக்களப்பிலிருந்து கண்டிவரை படை நடத்திச் சென்று மீண்ட ஆர்தர் ஜோன்ஸ்ற்றன், எளிதிற் தூக்கிச் செல்லத்தக்க சிறு பீரங்கிகளின் தொல்லையைத் தம் நூலிற் கூறியுள்ளார். கொடிதுவக்கு எனச் சிங்களத்தில் வழங்கியவை அவையே. மருந்தும் துவக்கும் நிலமும் போர்முறையும் ஒன்றுக்கொன்று இசைந்திருந்தன எனலாம்.

இசைவு குலைந்த இடம் கந்தகமாகும். இலங்கை மண்ணிற் கந்தகம் வெட்டி எடுக்கத்தக்கதாகக் கிடைப்பதில்லை. ஈயத்தின் நிலையும் ஏறத்தாழ அதுவே. சாம்பலைக் கொண்டு கல்சியத்தை மாற்றலாம். கந்தகத்துக்கு மாற்று மலைநாட்டில் இல்லை. அது கடல் வழியாகவே வரவேண்டும். 1766 பெப்ரவரி 14ஆம் நாள் ஒப்பந்தத்தால் ஒல்லாந்தர் தீவின் கரையோரம் முழுவதையும் தமதாக்கிக் கொண்டனர். சிலாபத்திலும் புத்தளத்திலும் உப்பள்ளும் உரிமை கண்டியருக்கு விடப்பட்டமையால், அவ்வொப்பந்தத்தைப் பேசுவோர் சமையல் உப்பையே பெரிதும் பேசுவர். ஆனால் துறைமுகம் இழந்த அரசுக்குக் கந்தகமும் ஈயமும் பகைவனின் இசைவாலோ கள்ளக் கடத்தலாலோ மட்டுமே கிட்டும். கண்டியின் படைவலி அதன் பின்னரும் ஐம்பதாண்டு நீடித்ததற்கு மலையும் காய்ச்சலும் காரணங்களாகக் கூறப்படுவது பொருத்தமே. எனினும் அவ்வரசு தன் துவக்குக்குத் தானே இரை தரும் ஆற்றலை 1766இலேயே இழந்துவிட்டது என்று கொள்வது தவறாகாது.

1815இன் பின் ஆட்சியாளர் நோக்கு துவக்கின் மீதே திரும்பியது. 1818 கிளர்ச்சி அடங்கியபோது மக்களிடமிருந்து துவக்குகள் பெருமளவிற் பறிக்கப்பட்டன. டொரிங்டன் பிரபு 1848இல் துவக்கொன்றுக்கு இரண்டு சிலிங் ஆறு பென்ஸ் வரி விதித்தார். சேனைப் பயிரைப் பன்றியிடமிருந்து காக்கும் குடியானவனுக்குத் துவக்கு மண்வெட்டியைப் போன்றதொரு கருவியென்பதை அவர் உணரவில்லை. அவ்வாண்டு யூலையில் மாத்தளையில் எழுந்த கிளர்ச்சிக்கு இவ்வரியும் ஒரு காரணம். புரன் அப்பு ஒகஸ்ட் 8ஆம் நாள் கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோட்டா வந்தது. தீமூட்டி, மருந்து, அடைப்பு, சன்னம் ஆகிய யாவும் ஒரே கூட்டுள் அடங்கின. வெற்றுக் கூட்டை மீண்டும் நிரப்பும் வழக்கம் தோட்டாவோடு உடன்பிறந்ததே. பிரான்சில் 1884இல் வியேல் புகையில்லா மருந்தொன்றை ஆக்கியபின் இவ்வழக்கத்திற் புதிய ஆபத்தொன்று புகுந்தது. கருமருந்தை அளந்த அதே கிண்ணத்தால் அடர்ந்த புதுமருந்தை அளந்து நிரப்பினால், பழைய குழல் அதன் அமுக்கத்தைத் தாங்காது வெடிக்கும். அடைப்பும் தீமூட்டியும் மாறினும் அமுக்கம் மாறும். கண்டியின் மருந்து வலுக்குறைவால் இழந்ததை இம்மருந்து வலுமிகையால் இழப்பித்தது.

இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் துவக்கையும், 1956ஆம் ஆண்டின் வெடிபொருட் சட்டம் மருந்தையும் கட்டுக்குட்படுத்தின. எனினும் உரிமமற்ற இடியன் துவக்கும், விலங்கின் தடத்திற் கயிறு கட்டி வைக்கும் கட்டுத்துவக்கும் கிராமங்களில் மறையவில்லை. அவற்றில் ஈயத்துக்குப் பதிலாக இரும்புத் துண்டு இடப்படுவதுண்டு, மருந்தும் கிடைத்ததே. பன்றிக்கு வைத்த பொறியிற் கால் சிதைந்தோரைக் கிராமப்புற மருத்துவமனைகள் இன்றும் காண்கின்றன. யானைக் கன்றுகளின் வாயைச் சிதைக்கும் ‘ஹக்க பட்டாஸ்’ என்னும் வெடியும் இவ்வழியில் வந்ததே.

மீமுரேப் பக்கத்துக் காடுகள் 2000ஆம் ஆண்டில் நக்கிள்ஸ் பாதுகாப்பு வனத்துள் அடக்கப்பட்டன. 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றன. இன்று அங்கு செல்வோர் மலையேறுவோரும் வௌவாலை ஆராய்வோருமேயாவர். குகையின் பாறையை இப்போது யாரும் செதுக்குவதில்லை.