வானம் யார் வசம்? அடையாற்றுப் பிரம்மஞான சபையும் கார்த்திகை விண்மீனும்

நியூயார்க்கில் 1875இல் தோன்றிய பிரம்மஞான சபை, 1882இன் இறுதியில் அடையாற்றின் தென்கரைக்குக் குடிபெயர்ந்தது. அதன் அண்டவியலை மேலைநாட்டு மறைஞானம் என்று ஒதுக்குவோரும், இந்து மறுமலர்ச்சியின் கிளை என்று போற்றுவோரும் உண்டு. அந்த வானத்தைப் பார்க்கும் உரிமை யாரிடம் இருந்தது என்ற கேள்வியை இவ்விரு தரப்பும் எழுப்புவதில்லை. விண்ணுலகின் எட்டாத்தொலைவே அங்கு அதிகாரத்தின் ஊற்றாக அமைந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

சபையின் முன்னணியினரான அன்னி பெசண்டும் லெட்பீட்டரும் 1913இல் வெளியிட்ட ‘மேன்: வென்ஸ், ஹௌ அண்ட் விதர்’ நூலின்படி, வெள்ளிக் கோளிலிருந்து வந்த சுடர்த் தலைவர்களே பூமியில் மனித அறிவைத் தூண்டினர். அவர்களுக்குத் தலைவர் சனத்குமாரர். அவருக்குக் கீழே மகாத்மாக்கள், அவர்களுக்குக் கீழே சீடர்கள் என்று ஒரு மடத்தின் படிவரிசையே அண்டமளவுக்கு விரிகிறது.

சனத்குமாரர் இங்குப் புதியவர் அல்லர். சாந்தோக்கிய உபநிடதத்தின் ஏழாம் இயலில் நாரதருக்கு உபதேசிப்பவர் அவரே. அவ்வியலின் முடிவில் ஸ்கந்தர் என்றும் அழைக்கப்படுகிறார். ஸ்கந்தரை வளர்த்தவர்கள் கார்த்திகைப் பெண்கள். அடையாற்றுக் கடற்கரையில் 1909இல் லெட்பீட்டர் கண்ட சிறுவன் ஜே. கிருஷ்ணமூர்த்திக்கு வழங்கிய ‘ஆல்கியோன்’ என்ற பெயரும், சுமார் 440 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள கார்த்திகைக் கூட்டத்தில் மிகப் பிரகாசமான விண்மீனின் பெயர்தான்.

ஆற்றுக்கு வடக்கே மயிலாப்பூரில் இதே விண்மீன்கூட்டம் நாட்காட்டியில் இருக்கிறது. முருகனுக்குரிய கிருத்திகை மாதந்தோறும் வருகிறது. பஞ்சாங்கம் பார்த்து வீட்டிலேயே விரதம் இருக்கலாம். அடையாற்றிலோ அது பதவிப்பெயராயிற்று. ‘தியாசபிஸ்ட்’ இதழில் தொடராக வந்த ஆல்கியோனின் முற்பிறவி வரலாற்றில் பெசண்ட் ஹெராக்ளிஸ், லெட்பீட்டர் சிரியஸ். யார் எந்தப் பிறவியில் யாருக்கு என்ன உறவு என்பதை ஞானதிருஷ்டி உடையவர் சொல்ல, மற்றவர்கள் ஏற்க வேண்டியதுதான். சரிபார்க்க வழியில்லை. கிருஷ்ணமூர்த்தியைத் தலைவராகக் கொண்டு 1911இல் உருவான கீழ்த்திசை நட்சத்திர சங்கம் இந்த வாக்கின்மேல் நின்றது. இதன் விளைவு மண்ணிலும் தெரிந்தது. பெசண்டின் பொறுப்பில் இருந்த கிருஷ்ணமூர்த்தி உள்ளிட்ட மகன்களை மீட்க அவர்களின் தந்தை நாராயணய்யா 1912இல் வழக்குத் தொடுத்தார். சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது, 1914இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை மாற்றியது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஒடுக்கப்பட்டோருக்குக் கோயில் வாசல் சட்டப்படி திறக்க 1947 வரை ஆயிற்று. சபையோ இன, சாதி பேதமின்றி உறுப்பினர்களைச் சேர்த்தது, அதன் நிறுவனர்களில் ஒருவரான ஆல்காட் 1894இலேயே ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். மறுக்க முடியாத உண்மை இது. ஆனால் கோயில் வாசலை அடைத்தது, வானத்தை அடைக்கவில்லை. சபை வாசலைத் திறந்து வைத்து வானத்தைப் பூட்டியது. இருவகை விலக்கலையும் ஒரே தராசில் நிறுப்பது பொருந்தாது.

1929 ஆகஸ்ட் 3 அன்று ஹாலந்தின் ஓமனில் கிருஷ்ணமூர்த்தி சங்கத்தைக் கலைத்தார். வெள்ளியில் குருமார் உண்டா இல்லையா என்ற விவாதத்தில் அவர் இறங்கவில்லை. எந்த அமைப்பும் எவரையும் உண்மைக்கு இட்டுச் செல்லாது என்றார். அவர் உடைத்தது இடைத்தரகை. ஆகவே விண்ணுலகக் குருமரபுகளை ஆராய்வோர், அங்கே வாழ்வதாகச் சொல்லப்படுவோரைப் பட்டியலிடும் முன், அவர்களைக் கண்டதாகச் சொல்லும் உரிமை இங்கே எவரிடம் குவிந்தது என்று கேட்பதே முறை.