மருத்துவமனைக்கு முன்னால் சாலை: வாழப்பாடிக்கு ஒரு வரலாற்றுப் பாடம்

ஊர் வளர வளர, "பெரிய மருத்துவமனை ஒன்று நமக்கு வேண்டும்" என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. நியாயமான ஆசைதான். ஆனால் அது எந்த இடத்தில், எந்தச் சாலையில் அமைய வேண்டும் என்பதும் அதே அளவுக்கு முக்கியம். இதற்குப் பழைய அனுபவங்கள் சிலவற்றைப் பார்ப்போம்.

வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை வந்தது. அதன் பிறகும் சுற்றுக் கிராமத்து நோயாளிகள் பலரால் அங்கு வந்து சேர முடியவில்லை. எனவே அவரே குடியாத்தம் சாலையில் வாரந்தோறும் பயணம் செய்து, வழியில் மரத்தடியில் நின்று சிகிச்சை அளித்தார். வர முடியாதவர்களைத் தேடி மருத்துவமே சாலைக்கு வந்தது.

1943-இல் அமைக்கப்பட்ட ஜோசப் போர் குழு 1946-இல் அளித்த அறிக்கை, மக்கள் வாழும் இடத்துக்கு அருகிலேயே மருத்துவ வசதி இருக்க வேண்டும் என்றது. அதன் வழியில் 1952 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரத் தொடங்கின. ஆனாலும் பெரிய சிகிச்சை என்றால் நகரத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. நம் பகுதிக்கு அந்த நகரம் சேலம். அங்கு 1986-இல் அரசு மருத்துவக் கல்லூரியும், 2010-இல் உயர் சிறப்பு சிகிச்சைப் பிரிவும் வந்தன. நமக்கும் சேலத்துக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அயோத்தியாப்பட்டணம், அம்மாப்பேட்டை நெரிசலைத் தாண்டியே போக வேண்டும்.

2008 செப்டம்பரில் தமிழகத்தில் 108 ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. 2021 டிசம்பரில், விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு அரசே செலவை ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் வந்தது. வண்டிக்கும் பணத்துக்கும் ஏற்பாடு ஆகிவிட்டது. மிச்சமிருப்பது வழி.

அந்த வழியிலும் நமக்கு ஒரு பாடம் உண்டு. சேலம் – உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலை நான்கு வழியாக அமைக்கப்பட்டபோது, வாழப்பாடி உள்ளிட்ட ஊர்களின் புறவழிச்சாலைகள் இருவழியாகவே போடப்பட்டன. நான்கு வழியில் வேகமாக வரும் வண்டிகள் திடீரென எதிரெதிரே சந்திக்க நேர்ந்ததால், அவை விபத்துக்குப் பேர்போன இடங்களாகின.

இனி வரும் மருத்துவமனையைப் புறவழிச்சாலையில் கட்டினால் ஆம்புலன்ஸ் சீக்கிரம் வந்துவிடும். ஆனால் பேளூரிலிருந்தும் தும்பலிலிருந்தும் டவுன் பஸ்ஸில் வரும் முதியவர்கள் நெடுஞ்சாலையை எப்படிக் கடப்பார்கள்? ஊருக்குள் கட்டினால் பஸ் வசதி உண்டு. ஆனால் சந்தை நாளில் ஆம்புலன்ஸ் சிக்கிக்கொள்ளும்.

இதே சிக்கலை வேலூரும் பார்த்தது. நகருக்குள் நெரிசல் மிகுந்ததால், சி.எம்.சி. மருத்துவமனை 2022-இல் ராணிப்பேட்டை அருகே சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் புதிய வளாகத்தைத் திறந்தது. விபத்துச் சிகிச்சையை அங்கே கொண்டு சென்றதோடு, பழைய வளாகத்திலிருந்து நோயாளிகள் போய்வர பஸ்களையும் விட்டது. இடமும் போக்குவரத்தும் சேர்ந்தே திட்டமிடப்பட வேண்டும் என்பதே இதன் பொருள்.

ஆகவே, நம் ஊருக்கு மருத்துவமனை வரும் என்ற பேச்சு எழும்போது நாம் கேட்க வேண்டியவை இவை: அணுகுசாலை உண்டா? பாதசாரிகள் சாலையைக் கடக்கச் சுரங்கப்பாதையோ மேம்பாலமோ உண்டா? ஆம்புலன்ஸுக்குத் தனி வாசல் உண்டா? டவுன் பஸ் வாசல் வரை வருமா? வாகனங்களை வளாகத்துக்குள்ளேயே நிறுத்த இடம் உண்டா? வரைபடம் முடிவாகும் முன்பே பேரூராட்சியிலும் வருவாய்த் துறையிலும் மனு கொடுக்க வேண்டும். கட்டடம் எழுந்தபின் சாலையை அகலப்படுத்துவது மிகவும் கடினம்.

கடைசியாக ஒன்று. அந்தச் சாலை நம் வளாக வாசலில்தான் தொடங்குகிறது. இரவில் கேட்டை மறித்து நிறுத்தும் பைக்கையும் காரையும் தள்ளி நிறுத்துவோம். பிளாக் எண் பலகைகள் இருட்டிலும் தெரியும்படி வைப்போம். இவற்றுக்கு எந்த அரசாணையும் தேவையில்லை.