கிரெப் கட்டளையின் வரலாறு

கிரெப் என்பது யூனிக்ஸ் வகை இயக்குதளங்களில், கொடுக்கப்பட்ட வடிவத்துக்குப் பொருந்தும் வரிகளைக் கோப்புகளில் தேடிக் காட்டும் கட்டளைவரிக் கருவி ஆகும். லினக்ஸ் பயனர்கள் அன்றாடம் பயன்படுத்தும் இக்கருவியைப் புதிதாக எழுதப்பட்ட நிரல் என்பதைவிட, ஓர் உரைத்தொகுப்பியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட கட்டளை என்பதே பொருந்தும்.

அந்த உரைத்தொகுப்பியின் பெயர் எட். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் யூனிக்சை உருவாக்கியவர்களுள் ஒருவரான கென் தாம்சன் இதை எழுதினார். கணிதவியலர் ஸ்டீபன் கிளீனி 1950களில் வகுத்த ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்னும் குறியீட்டு முறையைக் கொண்டு உரையில் தேடும் வழியைத் தாம்சன் 1968-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டிருந்தார். எட் தொகுப்பியிலும் அவ்வசதி இருந்தது. அதில் ‘ஜி/ஆர்இ/பி’ என்ற அமைப்பில் கட்டளை கொடுத்தால், கோப்பு முழுவதும் தேடி, பொருந்தும் வரிகளை அச்சிடும். நடுவில் உள்ள ‘ஆர்இ’ தேடல் வடிவம் வரவேண்டிய இடம். அக்காலத்தில் பலர் காகிதத்தில் அடிக்கும் டெலிடைப் முனையங்களையே பயன்படுத்தியதால், அச்சிடுதல் என்பதை நேர்ப்பொருளிலேயே கொள்ளலாம்.

எட் தொகுப்பியால் பெரிய கோப்புகளைக் கையாள இயலவில்லை. உரையைப் பேச்சாக மாற்றும் நிரலை உருவாக்கிவந்த டக் மெக்கில்ராய், தம் ஒலிப்பு விதிகள் எந்தெந்தச் சொற்களில் தவறும் என்று அகராதியில் தேட வேண்டியிருந்தது. அகராதியைத் துண்டு துண்டாக்கி எட்டில் ஏற்றிப் பார்ப்பது சலிப்பூட்டும் வேலை. தேடும் பகுதியை மட்டும் தனி நிரலாக்கித் தர முடியுமா என்று தாம்சனிடம் கேட்டதாகவும், மறுநாள் காலையிலேயே கிரெப் கிடைத்ததாகவும் அவர் நினைவுகூர்ந்துள்ளார். தம் சொந்தப் பயன்பாட்டுக்கு அத்தகைய நிரல் ஏற்கெனவே இருந்தது, அன்றிரவு அதைச் செப்பனிட்டதே தம் வேலை என்பது தாம்சனின் விளக்கம். பிரையன் கெர்னிகன் கூறுவது வேறு. 1787–88-இல் வெளிவந்த ‘ஃபெடரலிஸ்ட்’ கட்டுரைகளை ஆராய்ந்த லீ மெக்மஹனின் தேவைக்காகவே கிரெப் பிறந்தது என்கிறார் அவர். இடநெருக்கடிதான் காரணம் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை.

1973 நவம்பரில் வெளியான யூனிக்ஸ் நான்காம் பதிப்பில் கிரெப் இடம்பெற்றது. அதே ஆண்டு அறிமுகமான பைப் வசதியால், பிற கட்டளைகளின் வெளியீட்டை வடிகட்டவும் அது பயன்பட்டது. லினக்சில் இன்று பரவலாக உள்ள குனு கிரெப்பை மைக் ஹேர்டெல் எழுதினார். எல்லா எழுத்துகளையும் பார்க்காமல் தாண்டிச் செல்வதே அதன் வேகத்தின் இரகசியம்.

தமிழில் கிரெப் இயங்குவதற்கும் தாம்சனின் பங்களிப்பு உண்டு. தமிழ் ஒருங்குறிக் கோப்புகள் பெரும்பாலும் சேமிக்கப்படும் யூடிஎஃப்-8 முறையை அவரும் ராப் பைக்கும் 1992-இல் வடிவமைத்தனர். ஆயினும் கிரெப் எழுத்தெனக் கொள்வது ஒருங்குறிக் குறியீட்டையே. தமிழர் எண்ணும் எழுத்தை அன்று. ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்றெழுத்து, கிரெப்புக்கு ஐந்து. ‘க’ என்று தேடினால் கா, கி, கூ உள்ள வரிகளும் வந்து நிற்கும். இன்னொரு சிக்கல் எளிதில் புலப்படாது. ‘கொ’ என்பதை ககரத்துடன் ஒகரக் குறியாகவும் உள்ளிடலாம். ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என மூன்றாகவும் உள்ளிடலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஒரு வகையில் தேடினால் மற்ற வகையில் பதிவான சொல்லை, எந்த எச்சரிக்கையும் தராமல், கிரெப் விட்டுவிடும்.