வலங்கைமான் டூ டர்பன்

வலங்கைமான்னு சொன்னாலே நம்மாளுங்களுக்கு பாடைக்காவடியும் பட்டாசும்தான் ஞாபகம் வரும். 1869-ல் அந்த ஊரில், ஏழைப் புரோகிதர் வீட்டில் பிறந்தவர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. கும்பகோணத்தில் படிப்பு, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியர் வேலை. 1907-ல் அதை விட்டுட்டு கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்துட்டார்.

ஒத்துழையாமை இயக்கத்தை எதிர்த்தவர், பிரிவி கவுன்சிலர். அதனால 'வெள்ளைக்காரனுக்கு ஜால்ரா'ன்னு ஒரே வரியில் முடிச்சிடறாங்க. தென்னாப்பிரிக்கக் கதையையும் கொஞ்சம் பாருங்க.

1860-லிருந்து சென்னையில் கப்பலேறி நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குப் போன ஒப்பந்தக் கூலிகளில் தமிழர்கள் ஏராளம். 1920-களில் அவங்க வாரிசுகளைத் தனியா ஒதுக்கி வைக்க ஒரு மசோதா வந்தது. 1927 கேப்டவுன் உடன்பாட்டில் அது கைவிடப்பட்டது. பதிலுக்கு, காசு கொடுத்து இந்தியர்களை ஊருக்கு அனுப்பும் திட்டத்துக்கு நம்ம தரப்பு தலையாட்டியது. அங்கேயே பிறந்தவனுக்கு எதுங்க 'ஊர்'? எனக்கு இன்னமும் உறுத்துற விஷயம் இது.

பேச்சுவார்த்தைக் குழுவில் இருந்த சாஸ்திரியே, காந்தி வற்புறுத்த, இந்தியாவின் முதல் ஏஜெண்டாக அங்கே போனார். இருந்தது ஒன்றரை வருஷம்தான். அதுக்குள்ள அங்கிருந்த இந்தியர்களிடமே நிதி திரட்டி, டர்பனில் அவங்க பிள்ளைகளுக்கு ஒரு உயர்நிலைப் பள்ளிக்கு வழி பண்ணிட்டார். பேர் சாஸ்திரி கல்லூரி. கரும்பு வெட்டினவங்க பேரன்கள் அங்கே படிச்சாங்க.

அரசியலில் அவரோடு ஒத்துப்போகாத காந்தி, 1946-ல் சென்னை வந்தப்போ, படுக்கையில் கிடந்தவரைத் தேடிப்போய் பார்த்தார். அந்த ஏப்ரலில் சாஸ்திரி காலமானார்.