சீட்டும் சேலையும்

போளூர், ஆரணி வட்டாரத்தில் பட்டுச் சேலையைப் பற்றிப் பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. கரை, முந்தானை, சரிகை என்று பொழுது போவது தெரியாமல் பேசுவார்கள். அந்தப் பட்டைக் கொடுத்த புழுவைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. பாவம், கூட்டோடு கொதிநீரில் போட்டதோடு அதன் கதை முடிந்ததாக நினைப்பு. ஆனால் விஞ்ஞான சரித்திரத்தில் அதற்கு ஓர் அத்தியாயமே இருக்கிறது.

ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் ஜீன்கள் என்ற மூலப் பத்திரம் பத்திரமாய்ப் பூட்டிக் கிடக்கிறது. புரதம் செய்ய வேண்டுமானால், அதிலிருந்து ஒரு நகல் எழுதி வெளியே அனுப்பப்படும். இந்த நகலுக்குத் தூது ஆர்.என்.ஏ. என்று பெயர். பிரென்னர், ஜாக்கோப், மெசல்சன் என்ற மூவர் 1961-ல் பரிசோதனை செய்து இதை நிலைநாட்டினார்கள். நாம் சீட்டு என்றே சொல்லுவோம். சீட்டைப் பார்த்துத்தான் சரக்கு தயாராகிறது என்றால், சீட்டுகளை எண்ணிச் சரக்கின் அளவைச் சொல்லிவிடலாமா?

இங்கேதான் பட்டுப்புழு வந்து சேர்ந்தது. அதன் பட்டுச் சுரப்பியின் பின்பகுதிக்கு ஏறக்குறைய ஒரே வேலைதான்: ஃபைப்ராயின் என்னும் பட்டுப் புரதத்தைச் செய்வது. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்துக் கார்னகி ஆராய்ச்சிக்கூடத்தில் யோஷியாகி சுசுகியும் டொனால்ட் பிரவுனும் 1972-ல் அந்தச் சீட்டைத் தனியே பிரித்தெடுத்தார்கள். பிரவுனுக்கு ஒரு சந்தேகம். தவளை முட்டைக்குள் சில ஜீன்கள் ஏராளமான பிரதிகளாகப் பெருகுவதை அவரே முன்பு கண்டவர். பட்டுக்கும் அப்படித்தானோ? பார்த்தால், அப்படி ஒன்றும் இல்லை. ஒரு ஜீனிலிருந்து சுமார் 10,000 சீட்டுகள்; ஒவ்வொரு சீட்டுக்கும் சுமார் 1,00,000 புரத மூலக்கூறுகள். நாலே நாளில் 100 கோடி! எந்த மாஸ்டர் வீவரும் இந்தக் கணக்கைக் கேட்டால் தலை சுற்றி உட்கார்ந்துவிடுவார்.

சீட்டு பெருகினால் சரக்கும் பெருகும் என்று இதைப் பார்த்தவர்களுக்குத் தோன்றியதில் ஆச்சரியமில்லை. ஆனால் ஒரே சரக்கை நெய்கிற தறியை வைத்து ஊரையே எடை போடுவது என்ன நியாயம்?

1976-ல் ஹாமிஷ் மன்றோவின் குழு எலிகளுக்கு இரும்புச் சத்தைக் கொடுத்துப் பார்த்தது. இரும்பைச் சேமித்து வைக்கும் ஃபெரிட்டின் என்ற புரதம் ஈரலில் கூடியது. அதற்குப் புதுச் சீட்டு எழுத வேண்டியிருக்கவில்லை. பழைய சீட்டுகளே தூங்கிக் கொண்டிருந்து, இரும்பு வந்ததும் எழுந்து வேலைக்குப் போயின. ஆர்டர் சீட்டு சுவரில் ஆணியில் தொங்கும். சரிகை வந்த பிறகுதான் தறி ஓடும். இது ஆரணிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1999-ல் ஈஸ்ட்டை ஆராய்ந்தபோது, ஒரே அளவு சீட்டு இருந்த சில ஜீன்களுக்குள்ளேயே புரதத்தில் இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தது. 2011-ல் பெர்லினில் எலியின் உயிரணுக்களில் ஆயிரக்கணக்கான ஜீன்களை அளந்தார்கள். சீட்டுகளில் பாதி அழிய சுமார் 9 மணி நேரம். புரதத்துக்கோ 46 மணி நேரம். சீட்டு கிழிந்து போன பிறகும் சேலை பீரோவில் இருக்கத்தானே செய்கிறது? புரத அளவின் ஏற்றத்தாழ்வில் சுமார் 40 சதவிகிதத்துக்குத்தான் சீட்டு காரணம் சொல்லிற்று. 2014-ல் வேறு சிலர், அளவைப் பிழைகளைக் கழித்தால் அது குறைந்தது 56 சதவிகிதம் என்று வாதாடினார்கள். எனக்கு இந்தச் சச்சரவு பிடித்திருக்கிறது; இரு தரப்பும் நூறு என்று சொல்லவில்லை பாருங்கள்.

சீட்டை எண்ணுவது சுலபம், செலவும் குறைவு. ஆகவே ஆராய்ச்சிக்கூடங்கள் அதையே நாடுகின்றன. ஆனால் மார்பகப் புற்றுநோய்க்கான ஹெர்செப்டின் மருந்து போய்ப் பற்றிக்கொள்வது ஹெர்-2 என்ற புரதத்தை. அதனால் அந்த மருந்தைக் கொடுக்குமுன், கட்டியிலிருந்து எடுத்த துணுக்கில் சாயமேற்றி அந்தப் புரதத்தையே நேரில் பார்க்கிறார்கள். பார்த்தும் தெளியாவிட்டால் மூலப் பத்திரத்துக்கே போய், ஜீன் எத்தனை பிரதி இருக்கிறதென்று எண்ணுகிறார்கள்.